ஒரே டிக்கெட், மூன்று முதலாளிகள்

சென்ற மாதம் நான் எழுதிய அரிசிக்கடைத் தெரு நினைவுகளைப் படித்துவிட்டு, காரைக்காலைப் பற்றி எழுதக்கூடாதா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். காரைக்கால் என்றாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்த சின்ன ரயில்தான். அதனால் இந்த முறை ரயில் கணக்கு. கணக்கு எழுதிப் பிழைத்தவன் வேறு எதை எழுதுவான்!

1974-ல் எனக்குக் காரைக்காலுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. வயது இருபத்து நாலு. பிரெவே வரை பிரெஞ்சில் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் கோப்பு எழுதக் கற்றுக்கொண்டிருந்த குமாஸ்தா. எல்லோரும் பஸ்ஸில் போ என்றார்கள். எனக்கு ரயில் பைத்தியம். புதுச்சேரியில் ஏறி விழுப்புரத்தில் மாறி, மாயவரத்தில் மாறி, பேரளத்தில் இன்னொரு முறை மாறினேன். அப்போது அந்த ஊருக்கு மயிலாடுதுறை என்று பெயர் திரும்பவில்லை. பேரளத்தில் கரி எஞ்சின் பூட்டிய நாலைந்து பெட்டிகள் தனியாக நின்றன. அம்பகரத்தூர், திருநள்ளாறு, அடுத்து காரைக்கால். மொத்தம் இருபத்து நான்கு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் பாதை. சனிக்கிழமை என்பதால் திருநள்ளாற்றுக் கூட்டம் பெட்டியை நிறைத்துவிட்டது. மற்ற நாட்களில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போகலாம் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் என் பயணப்படி பில்லைப் பார்த்த பெரியவர் ஒருவர் சிரித்தார். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்து, ஓய்வுக்கு இரண்டு வருஷம் மிச்சம் வைத்திருந்தவர். "தம்பி, இப்போது நீ ஒரே சர்க்கார் ரயிலில் வந்திருக்கிறாய். என் தாத்தா காலத்தில் விழுப்புரத்திலிருந்து காரைக்காலுக்கு வரும் டிக்கெட்டை மூன்று முதலாளிகள் பங்கு போட்டுக்கொண்டார்கள்" என்றார். அன்று அது எனக்குப் பிடிபடவில்லை. பின்னால் பழைய ரயில்வே அறிக்கைகளையும் மாவட்டக் கையேடுகளையும் புரட்டியபோதுதான் அவர் சொன்னது அப்பட்டமான உண்மை என்று தெரிந்தது.

விழுப்புரத்திலிருந்து மாயவரம் வரை தென்னிந்திய ரயில்வேயின் பிரதான பாதை. மாயவரத்திலிருந்து பேரளம் வரை தஞ்சாவூர் ஜில்லா போர்டின் பாதை. பேரளத்திலிருந்து காரைக்கால் வரை பிரெஞ்சு அரசாங்கத்தின் பாதை. மூன்றிலும் வண்டி ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனிதான். எஞ்சினும் பெட்டியும் ஊழியர்களும் அதனுடையவை. பயணிக்கு எங்கே ஒருவர் சொத்து முடிந்து அடுத்தவர் சொத்து ஆரம்பிக்கிறது என்று தெரியாது. தண்டவாளத்தின் கீழே இருந்த பணம் மட்டும் வேறு வேறு.

அந்த மூன்று பணத்தையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலாவது, கம்பெனிப் பணம். 1849-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ரயில் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டபோது ஒரு வாக்குறுதி கொடுத்தது. நிலம் இலவசம். லண்டனில் பங்கு வாங்குகிறவர்களுக்கு வருஷத்துக்கு ஐந்து சதவீத வட்டி நிச்சயம். ரயில் அந்த அளவு சம்பாதிக்காவிட்டால் குறைகிறதை இந்திய வருமானத்திலிருந்து கொடுப்போம் என்பது ஏற்பாடு. நம் பக்கத்தில் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-ல் ரயில் விட்ட கம்பெனி இந்த உத்தரவாதத்தில்தான் பிறந்தது. 1874-ல் அதுவும் இன்னொரு கம்பெனியும் சேர்ந்து தென்னிந்திய ரயில்வே ஆயிற்று. 1890-ன் முடிவில் அரசே பாதையை வாங்கி, புதிய கம்பெனியிடம் ஓட்டக் கொடுத்தது. இடையில் விழுந்த பள்ளத்தையெல்லாம் நிரப்பியது நிலத்தீர்வையும் உப்பு வரியும் கட்டியவர்கள். ரயிலையே பார்க்காத ஊர்க்காரனும் அதில் பங்குதாரன், லாபத்தில் அல்ல, நஷ்டத்தில்.

இரண்டாவது, ஜில்லா போர்டுப் பணம். இதை எண்ணினால் எனக்கு இன்றும் ஆச்சரியம். தஞ்சாவூர் ஜில்லாவில், நிலவரி ஒரு ரூபாய் கட்டினால் கூடுதலாக மூன்று பை ரயிலுக்கென்று செஸ் வசூலித்தார்கள். ஒரு ரூபாய்க்கு 192 பை என்று நம் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்படிச் சேர்த்த காசின் பலத்தில்தான் 1894-ல் மாயவரத்திலிருந்து பேரளம், திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை பாதை திறந்தது. வரி கட்டியவனின் ஊர் வழியாகவே வண்டி போயிற்று. நெல்லும் போயிற்று, பயணியும் போனார். பிறகு அது அறந்தாங்கிப் பக்கம் வரை நீண்டது.

மூன்றாவது, பிரெஞ்சு அரசாங்கத்தின் பணம். காரைக்கால் அந்த நாளில் இலங்கைக்கு அரிசி ஏற்றி அனுப்பிய துறைமுகம். பக்கத்து நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ரயில் இல்லாத துறைமுகத்துக்கு மூட்டை எப்படி வரும்? ஜில்லா போர்டு பாதை பேரளம் வரை வந்ததும், பிரெஞ்சு அரசாங்கம் தன் செலவில் கிளை போட்டு 1898-ல் காரைக்காலை இணைத்தது. புதுச்சேரிக்கு ஏற்கெனவே 1879 டிசம்பரில் விழுப்புரத்திலிருந்து ரயில் வந்திருந்தது. அதற்காக லண்டனில் ஒரு தனிக் கம்பெனியே உருவாயிற்று. இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து ஒப்பந்தம் பேசினால்தான் முப்பத்தெட்டு கிலோமீட்டர் தண்டவாளம்!

இந்த மூன்று ஏற்பாட்டிலும் ஒரு பொது விஷயம் உண்டு. பாதைக்கு நஷ்டம் வந்தால் அதை யார் தலையில் எழுதுவது என்பது முதல் நாளே முடிவாகியிருந்தது. ஒன்றுக்கு இந்தியா முழுவதும், ஒன்றுக்கு ஒரு ஜில்லா, ஒன்றுக்கு ஓர் அரசாங்கம். பேரேடு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு செலவு நிலைப்பதற்கு அதற்கென்று ஒரு கணக்குத் தலைப்பு வேண்டும். தலைப்பு இல்லாத செலவை முதலில் வெட்டிவிடுவார்கள்.

எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் வரலாற்று வாத்தியார் பிரெய்சினே திட்டத்தை மனப்பாடமாக ஒப்பிக்கச் சொல்வார். ஷார்ல் தெ பிரெய்சினே பொதுப்பணி மந்திரி. 1879 ஜூலையில் அவர் கொண்டுவந்த சட்டம், பிரான்சில் ஒவ்வொரு சிறிய நிர்வாகத் தலைநகருக்கும் ரயில் போகவேண்டும் என்றது. கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் கிலோமீட்டர் புதுப் பாதை. நம் புதுச்சேரி ரயிலும் அதே வருஷம்தான். ஆனால் அந்தச் சட்டத்தின் கை கடல் தாண்டி நீளவில்லை. அது பிரான்சு மண்ணுக்கு மட்டும்.

வாத்தியார் சொல்லாத பாதியை நான் ஓய்வுபெற்ற பிறகு படித்தேன். பிரான்சிலும் ரயில்கள் தனியார் கம்பெனிகளிடம் இருந்தன. ஒவ்வொரு கம்பெனிக்கும் நாட்டின் ஒரு பகுதி. 1859 ஒப்பந்தப்படி ஒவ்வொரு கம்பெனியின் பாதைகளையும் பழைய வலை, புதிய வலை என்று இரண்டாகப் பிரித்தார்கள். நல்ல வருமானம் தரும் பழைய பாதைகளின் உபரி, வருமானமில்லாத புதிய பாதைகளுக்கு வழிந்து ஓடவேண்டும். அதற்கும் மேல் குறைந்தால் அரசு வட்டிக்கு ஜாமீன். 1883-ல் மறுபடி ஒப்பந்தம் போட்டபோதும் ஜாமீன் தொடர்ந்தது.

இதில் என்ன நடந்தது? வடக்குக் கம்பெனி நிலக்கரிச் சுரங்கமும் ஆலைகளும் உள்ள பகுதியில் ஓடியது. பாரீசும் பெல்ஜியமும் அதன் இரண்டு முனைகள். அது அரசிடம் கிட்டத்தட்டக் கை நீட்டவே இல்லை. மேற்குக் கம்பெனி நார்மந்தி, பிரெத்தாஞ் பக்கத்து விவசாய ஊர்களுக்கு ஓடியது. வருஷா வருஷம் ஜாமீன் பணம் வாங்கி, கடன் மலையாகி, கடைசியில் 1909 ஜனவரி முதல் அரசே அதை எடுத்து நடத்தவேண்டியதாயிற்று. ஒரு விதத்தில் பார்த்தால் பாரீஸ் வரிக்காரன் பிரெத்தாஞ் விவசாயியின் டிக்கெட்டுக்குப் பணம் கட்டினான். அதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஊர்ப் பிள்ளைகள் படிக்கவும் வேலை தேடவும் போனது அந்த ரயிலில்தானே. 1921-ல் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக ஒரு நிதி வைத்து, மிஞ்சியவர் போட, குறைந்தவர் எடுக்க என்று ஏற்பாடு செய்தார்கள். 1938-ல் எல்லாம் ஒரே தேசிய நிறுவனம் ஆயிற்று.

இந்தியாவிலும் ஏழைப் பகுதிக்கென்று ஒரு கணக்கு இருந்தது. 1876 முதல் 78 வரையிலான தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதன் பிறகு அமைத்த பஞ்சக் கமிஷன் 1880-ல் ஒரு சிபாரிசு செய்தது. லாபம் தரும் ரயில் ஒரு வகை. லாபம் தராவிட்டாலும் பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுபோய் உயிர் காக்கும் ரயில் இன்னொரு வகை. இரண்டாவது வகையை வரிப்பணத்தில் போடவேண்டும் என்றார்கள். தக்காணத்தின் வறண்ட ஜில்லாக்களுக்கு ரயில் போனதில் இந்த எண்ணத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொரு தலைப்பும் இருந்தது, அது ராணுவம். 1924-ல் ரயில்வே வரவு செலவைப் பொது பட்ஜெட்டிலிருந்து பிரித்தார்கள். அப்போதே எல்லைப்புற ராணுவப் பாதைகளின் நஷ்டத்தை ரயில்வேயின் தலையில் எழுதாமல் பொதுக் கருவூலம் ஏற்கும் என்று ஒத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷமே, 1925-ல், கைபர் கணவாயில் மலையைக் குடைந்து லண்டி கோத்தல் வரை ரயில் ஓடியது. அங்கே டிக்கெட் வசூல் எவ்வளவு என்று யாரும் கவலைப்படவில்லை.

ஆக, ஒரு பகுதிக்கு ரயில் மானியம் கிடைப்பதற்கு அந்தப் பகுதி ஏழையாக இருப்பது மட்டும் போதாது. அதன் நஷ்டத்துக்கு ஒரு பெயரும், அந்தப் பெயரைச் சொல்லி வாதாட ஓர் ஆளும் வேண்டும். கைபருக்கு ராணுவம் இருந்தது. பிரெத்தாஞுக்குப் பாராளுமன்றத்தில் உறுப்பினர்கள் இருந்தார்கள். தஞ்சாவூருக்கு ஜில்லா போர்டு இருந்தது. காரைக்காலுக்கு ஒரு காலத்தில் பிரெஞ்சு அரசாங்கம் இருந்தது.

இனி நம் கதைக்கு வருகிறேன். 1951 ஏப்ரலில் தெற்கு ரயில்வே உருவாயிற்று. 1954 நவம்பர் முதல் தேதி புதுச்சேரியும் காரைக்காலும் இந்தியாவோடு சேர்ந்தன. மூன்று முதலாளிகள் போய் ஒரே முதலாளி. பிரித்துப் பங்கு போடுகிற தொல்லை இல்லை, எல்லையில் மூட்டையை அவிழ்த்துக் காட்டுகிற தொல்லையும் இல்லை. நாங்கள் சந்தோஷப்பட்டோம், அதில் தவறும் இல்லை. ஆனால் ஒன்றை யாரும் கவனிக்கவில்லை. காரைக்கால் பாதை இப்போது மிகப் பெரிய பேரேட்டில் மிகச் சிறிய ஒரு வரி. 1969-ல் நஷ்டத்தில் ஓடும் கிளைப்பாதைகளை ஆராய்வதற்கென்றே ஒரு குழு அமைந்தது. பஸ் போட்டியும், குறைந்த கூட்டமும், பழைய தண்டவாளமும் நாடு முழுவதும் இந்தச் சின்னப் பாதைகளின் மேல் கேள்விக்குறி போட்டன.

எண்பதுகளில் காரைக்கால் வண்டி நின்றுபோயிற்று. நான் அதற்குள் புதுச்சேரிக்குத் திரும்பிவிட்டேன். ஒருமுறை அலுவல் காரணமாகப் போனபோது, திருநள்ளாறு பக்கம் தண்டவாளம் இருந்த மேட்டில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. 1974-ல் அந்த வண்டியில் கீரைக்கட்டும் கத்தரிக்காய்க் கூடையுமாக வந்த பெண்களை நினைத்துக்கொண்டேன். எங்கள் அலுவலக வாசலில் உட்கார்ந்து விற்றுவிட்டு மாலை வண்டியில் திரும்புவார்கள். பஸ்ஸில் கூடைக்குத் தனியாகக் காசு கேட்பார்கள், இடமும் கொடுக்கமாட்டார்கள். எந்த நஷ்டக் கணக்கிலும் அந்தக் கூடை இல்லை.

அப்படியானால் இந்திய ரயில்வே பயணிகளுக்கு மானியமே கொடுப்பதில்லையா? தாராளமாகக் கொடுக்கிறது. 2016 முதல் டிக்கெட்டிலேயே அச்சடித்தார்கள், பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் திரும்ப வருகிறது என்று. மிச்சம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் சரக்கு வண்டியிலிருந்து, அதிலும் முக்கியமாக நிலக்கரியிலிருந்து. ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் ஏறும் கரிக்கு அதிகக் கூலி வாங்கி, அந்தப் பணத்தில் பயணிகள் வண்டி ஓடுகிறது. அந்தக் கரியில் எரியும் மின்சாரத்துக்குக் கட்டணம் கட்டும் நாம் எல்லோரும் அதில் கொஞ்சம் கொடுக்கிறோம். கரி ஏற்றும் கிழக்கு மண்டலங்கள் நன்றாகச் சம்பாதிக்கின்றன. பயணிகள் அதிகமுள்ள நம் தெற்கு ரயில்வே நூறு ரூபாய் சம்பாதிக்க நூறுக்கு மேல் செலவழிக்கிறது. தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மலிவாகப் போகிறவருக்குத் தன்பாத் சுரங்கத்துக் கரி பணம் கட்டுகிறது என்று சொன்னால் மிகையில்லை. மும்பை, கொல்கத்தா, சென்னை நகர்களின் புறநகர் வண்டிகளில் கட்டணம் செலவில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டுகிறது. கூட்டம் இருக்கிற இடத்துக்கு மானியம் தானாகப் போய்ச் சேருகிறது. வண்டியே இல்லாத ஊருக்கு வண்டி மானியம் எப்படிப் போகும்?

2008-ல் என் தங்கை மகன் வீட்டுக்கு ஸ்திராஸ்பூர் போயிருந்தேன். அவன் தினம் வேலைக்குப் போகும் உள்ளூர் ரயிலின் பக்கவாட்டில் "அல்சாஸ்" என்று பிராந்தியத்தின் பெயர் எழுதியிருந்தது. "மாமா, இந்த வண்டிக்குப் பணம் கொடுப்பது எங்கள் பிராந்தியம்" என்றான். விசாரித்தால், 1997-ல் ஆறு பிராந்தியங்களில் ஒரு சோதனை ஆரம்பித்து, 2002 முதல் எல்லாப் பிராந்தியங்களுக்கும் உள்ளூர் ரயில் பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள். எத்தனை வண்டி, எந்த நேரம், எங்கே நிற்கும் என்பதைப் பிராந்தியம் தீர்மானித்து, அதற்கான பணத்தை ரயில் நிறுவனத்துக்குக் கட்டுகிறது. டிக்கெட் வசூல் செலவில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. ஆனால் அதை நஷ்டம் என்று அங்கே எழுதுவதில்லை, சேவைக்குக் கொடுத்த விலை என்று எழுதுகிறார்கள்.

அங்கேயும் ஒரு குறை உண்டு. பொறுப்பைக் கொடுத்தபோது பாரீஸ் கூடவே பணமும் கொடுத்தது. அந்தத் தொகையைக் கணக்கிட்டது அப்போது ஓடிக்கொண்டிருந்த வண்டிகளை வைத்து. ஏற்கெனவே நிறைய வண்டி ஓடிய பிராந்தியத்துக்கு நிறையப் பணம். பல வருஷம் முன்பே பாதைகளை இழந்த பிராந்தியத்துக்குக் குறைவு. இல்லாதவனிடம் போய் உனக்கு எவ்வளவு இருக்கிறது என்று கேட்டு, அந்த அளவுக்குக் கொடுப்பது போல.

தஞ்சாவூர் வழிதான் சரி, அவரவர் ஊர் ரயிலுக்கு அவரவர் பணம் கொடுக்கட்டும் என்று சில நண்பர்கள் வாதிடலாம். தஞ்சாவூரில் காவிரியும் நெல்லும் இருந்தன, மூன்று பை கொடுக்க முடிந்தது. அதே மூன்று பையை அன்றைய ராமநாதபுரத்து வானம் பார்த்த பூமியில் வசூலித்திருந்தால் ஒரு மைல் தண்டவாளம்கூட வந்திருக்குமா என்பது சந்தேகம். அதனால் பெரிய பேரேடு வேண்டும். அதில் ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு போகிறது, ஏன் போகிறது என்று பெயர் போட்டு ஒரு பக்கமும் வேண்டும். 2017-ல் ரயில்வே பட்ஜெட்டையும் பொது பட்ஜெட்டோடு சேர்த்துவிட்டார்கள். பேரேடு இன்னும் பெரிதாகிவிட்டது. சின்ன ஊர்களின் பக்கம் எங்கே என்று கேட்கவேண்டியது நம் வேலை.

காரைக்கால் கதைக்கு ஒரு பின்கதை உண்டு. 2009-ல் அங்கே புதிய துறைமுகம் வந்து நிலக்கரி இறங்க ஆரம்பித்தது. 2011 டிசம்பரில் நாகூரிலிருந்து காரைக்காலுக்கு அகலப்பாதை வந்து மறுபடி ரயில் சத்தம் கேட்டது. பேரளம் பாதையையும் பழைய தடத்திலேயே அகலமாகப் போட்டுவிட்டார்கள். 1898-ல் அரிசி மூட்டைக்காகப் போன பாதை, இன்று கரிக்காகவும் உயிர் பெற்றிருக்கிறது. வரட்டும், எதற்காக வந்தால் என்ன. அதில் பயணிகள் வண்டிகள் தாராளமாக ஓடவேண்டும், கீரைக்கூடைக்கு இடம் இருக்கவேண்டும் என்பதுதான் என் ஆசை.

எனக்கு எழுபத்தைந்து ஆகிறது. பேரளத்தில் ஏறி, மூன்று முதலாளிகளைச் சொல்லிக்கொடுத்த அந்தப் பெரியவரை நினைத்துக்கொண்டு திருநள்ளாறு வரையாவது ஒருமுறை போய் வரவேண்டும். பழைய மீட்டர் கேஜ் வண்டியில் போன நண்பர்கள் யாராவது இருந்தால், எந்த வருஷம் போனீர்கள், என்ன கட்டணம் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். பழைய டிக்கெட் அட்டை வைத்திருப்பவர்கள் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதுவும் ஒரு கணக்குதான்.